அமைதிக் குழுவுக்கு ஒரு பொதுத் தோட்டம்: தொடங்குவதும் தொடர்ந்து நடத்துவதும்

ஊர்வலம் முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். அடுத்த ஊர்வலம் வரை ஆட்கள் சேர்ந்தே இருக்க, குழுவுக்கு வாராவாரம் ஒரு வேலை வேண்டும். பொதுக் காய்கறித் தோட்டம் அதற்கு நன்றாகப் பொருந்தும். தண்ணீர், இடம், உழைப்பு, விளைச்சல் எல்லாவற்றையும் அங்கே பங்கிட்டாக வேண்டும். அதனால் சண்டை வரும், அதைத் தீர்த்துப் பழகவும் முடியும். 1996இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் போஸ்னியப் போரிலிருந்து தப்பிவந்த அகதிப் பெண்கள் சேர்ந்து செயல்படத் தொடங்கியது ஒரு தோட்டத்தில்தான். அந்தப் போருக்குப் பிந்தைய போஸ்னியத் தலைநகர் சரயேவோவில், போரை எதிர்க்கும் கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்களின் சேவை அமைப்பு, முன்பு எதிரெதிர் அணியில் இருந்த இனத்தவரைப் பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் வேலை செய்ய வைத்தது.

நிலமும் பாத்தியும்

பத்துப் பன்னிரண்டு குடும்பங்களோடு தொடங்குங்கள். உங்கள் கருத்தோடு ஒத்துப்போகிறவர்களை மட்டும் சேர்க்காதீர்கள். அரசியல் பிடிக்காத, ஆனால் செடி வளர்க்கப் பிடித்த அண்டை வீட்டார் இரண்டு பேராவது இருக்கட்டும். நாளுக்கு ஆறு மணி நேரம் வெயில் விழும் 100 சதுர மீட்டர் இடம் போதும். உரிமையாளரிடம் குறைந்தது மூன்று ஆண்டுக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மண் பக்குவப்பட இரண்டு ஆண்டு ஆகும். வாய்ப்பேச்சில் கிடைத்த நிலம் சரியாக அந்த நேரத்தில்தான் கைவிட்டுப் போகும்.

பழைய கட்டடத்தை ஒட்டியோ பெரிய சாலை ஓரத்திலோ இடம் இருந்தால், முதலில் மண்ணில் ஈயம் இருக்கிறதா என்று சோதியுங்கள். இருந்தால் தரையில் நீர் வடியும் துணி விரித்து, வெளியிலிருந்து கொண்டுவந்த நல்ல மண்ணால் 30 செ.மீ. உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட வேண்டும்.

பாத்தி 1.2 மீட்டர் அகலம், 3 மீட்டர் நீளம். இரண்டு பக்கமிருந்தும் கை எட்டும், உள்ளே கால் வைக்கத் தேவையிருக்காது. நடுவே 60 செ.மீ. நடைபாதை விடுங்கள். நடுவழி ஒன்று மட்டும் 1.2 மீட்டர் இருந்தால் சக்கர நாற்காலியும் வரும். பன்னிரண்டு பாத்தியில் எட்டைக் குடும்பங்களுக்குக் கொடுங்கள், தேவைப்பட்டால் இருவர் சேர்ந்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம். மூன்று பொது, ஒன்று விதைக்கு. எல்லாமே பொது என்றால் இரண்டு பேர் முதுகு ஒடிவார்கள். எல்லாமே தனி என்றால் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள்.

தண்ணீரும் மட்கும்

வெயில் காலத்தில் ஒரு சதுர மீட்டருக்கு வாரம் 25 லிட்டர், அதாவது ஒரு பாத்திக்கு 90 லிட்டர். பத்து லிட்டர் பூவாளியில் ஒன்பது தடவை. மேலே 5 முதல் 8 செ.மீ. சருகு மூடாக்குப் போட்டால் இதில் நல்ல பங்கு மிச்சமாகும். தண்டைச் சுற்றி ஒரு கையளவு இடம் விட்டுப் போடுங்கள், ஒட்டிக் கிடந்தால் தண்டு அழுகும். கூரை நீரைப் பிடிக்க முடிந்தால் கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மி.மீ. மழை, ஒரு லிட்டர்.

உரத்துக்கு மட்கு (மட்கிய இலைதழை, கம்போஸ்ட்) போதும். ரசாயன நைட்ரஜன் உரத்துக்கும் வெடிமருந்துக்கும் மூலம் ஒன்றுதான். அமெரிக்காவின் அலபாமாவில் மசல் ஷோல்ஸ் ஆலை முதல் உலகப் போரில் வெடிமருந்துக்காகக் கட்டப்பட்டு, பிறகு உர ஆராய்ச்சிக்கு மாறியது. குழுவில் புதிதாகச் சேர்கிறவருக்கு இதை மட்குக் குவியலின் பக்கத்தில் நின்று சொன்னால் மனதில் நிற்கும். குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு மீட்டர். ஒரு பங்கு பச்சைக்கு (பச்சைத் தழை, காய்கறிக் கழிவு) இரண்டு பங்கு காய்ந்தது (சருகு, வைக்கோல்). ஈரம், பிழிந்த துணி அளவுக்கு. நாலைந்து நாளில் உள்ளே 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் சூடு ஏறும், தணிந்ததும் கிளறுங்கள். நாற்றம் அடித்தால் ஈரமும் பச்சையும் மிகுதி: சருகு சேர்த்துக் கிளறவும். சூடே ஏறாவிட்டால் காய்ந்திருக்கும், அல்லது குவியல் சிறியது.

எளிமை

கருவிகள் பொது: மூன்று மண்வெட்டி, நான்கு களைக்கொத்து, நான்கு பூவாளி, ஒரு தள்ளுவண்டி. முதல் மூன்று மாதம் எதையும் வாங்காமல் இரவல் வாங்குங்கள். எது இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டது என்று நோட்டில் குறித்து, அதை மட்டும் வாங்குங்கள். மிச்சமான பணத்தில் ஒரு பங்கை, எவ்வளவு என்று முதலிலேயே முடிவு செய்து, துண்டறிக்கைக்கும் சட்ட உதவிக்கும் ஒதுக்குங்கள். இது இல்லாவிட்டால் எளிமை வெறும் வீட்டுச் சிக்கனமாகிவிடும்.

இன்னொன்று, யாருடைய வீட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. காந்தியிடம் அகிம்சை பயின்ற ரிச்சர்ட் கிரெக் 1936இல் எழுதியது தானே விரும்பி ஏற்கும் எளிமையைப் பற்றி. அடுத்தவர் செலவைக் கணக்குப் பார்க்கத் தொடங்கும் குழுவில் ஆட்கள் சத்தமில்லாமல் விலகிப் போவார்கள்.

சண்டை வரும்போது

தோட்டத்தின் பெரிய வேலை இதுதான். வாரம் ஒருநாள், வேலை முடிந்ததும் அங்கேயே அரை மணி நேரம் வட்டமாக உட்காருங்கள். நடத்துபவர், நேரம் பார்ப்பவர், குறிப்பெடுப்பவர் என மூன்று பொறுப்பு, வாராவாரம் ஆள் மாறும். முடிவு ஒருமித்த சம்மதத்தில். ஒருவர் 'சம்மதம்' என்று சொல்லலாம், 'தயக்கம் உண்டு, ஆனால் தடுக்க மாட்டேன்' என்று ஒதுங்கலாம், அல்லது தடுக்கலாம். தடுப்பவர் காரணம் சொல்லி, அடுத்த வாரம் மாற்று யோசனையோடு வர வேண்டும். பன்னிரண்டில் மூன்று பேர் ஒதுங்கினாலே திட்டம் சரியில்லை என்று பொருள்.

முதல் தகராறு பெரும்பாலும் தண்ணீர் முறையில் வரும். "நீங்க எப்பவுமே தண்ணி ஊத்தறதில்ல" என்றால் எதிரே இருப்பவர் 'எப்பவுமே' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்வார், பேச்சு அங்கேயே முடிந்தது. அமெரிக்க உளவியலாளர் மார்ஷல் ரோசன்பர்க் வகுத்த வரிசை உதவும்: கண்டது, அதனால் எழுந்த உணர்வு, தேவை, கோரிக்கை. "செவ்வாயும் வெள்ளியும் உங்க முறை. ரெண்டு நாளும் மூணாம் பாத்தி காய்ஞ்சு கிடந்துச்சு. நாத்து வாடுனதப் பாத்து கவலையாயிடுச்சு. நாத்து பிழைக்கணும்னா தண்ணி விட்டுப்போகக் கூடாது. உங்களுக்குச் சிரமம்னா நாள மாத்திக்கலாமா?" இதை நடித்துப் பழகுங்கள், காவலரையோ கத்தும் கூட்டத்தையோ எதிர்கொள்ளும் பயிற்சியும் இதே வட்டத்தில் நடத்தலாம்.

கவனிப்பாரற்ற பாத்திக்கு விதி முதல் நாளே எழுதப்பட வேண்டும்: இரண்டு வாரம் ஆனால் நேரில் விசாரிப்பு, மேலும் இரண்டு வாரம் மற்றவர்கள் உதவி, அதன் பிறகு பாத்தி வேறு குடும்பத்துக்கு. காய் திருட்டுக்குப் பூட்டுப் போடாதீர்கள். வாசலோரப் பொதுப் பாத்தியில் 'வேண்டியவர் பறிக்கலாம்' என்று பலகை வையுங்கள். திருட்டு அடியோடு நிற்காது, மனத்தாங்கல் குறையும்.

வெளியே எடுத்துச் செல்ல

பதாகையை முதல் பருவத்தில் கட்டாதீர்கள், அக்கம்பக்கத்தார் வேலிக்கு வெளியிலேயே நின்றுவிடுவார்கள். செப்டம்பர் 21, ஐ.நா.வின் உலக அமைதி நாள். பருவம் ஒத்துவந்தால் அன்றைக்கு அறுவடை வருமாறு பின்னோக்கி எண்ணுங்கள். குத்துப் பீன்ஸ் விதைத்து 50–60 நாளில் காய்க்கும், ஆகவே ஜூலை கடைசியில் விதைக்க வேண்டும். பறித்ததைப் பகிர்ந்தபடி பேசுங்கள், துண்டறிக்கை அப்போது கைக்குப் போகும்.

அன்று கொடுக்க விதையும் வைத்திருங்கள். ஹைப்ரிட் அல்லாத தக்காளியில் நன்றாகப் பழுத்ததை வெட்டி, விதையைச் சாறோடு கண்ணாடிக் குவளையில் விடுங்கள். இரண்டு மூன்று நாளில் மேலே வெண்ணிறப் படலம் கட்டி, புளித்த வாடை வரும். விதையைச் சுற்றிய வழுவழுப்பு கழன்றுவிட்டது என்பதற்கு அடையாளம் அது. அதற்கு மேல் விட்டால் குவளையிலேயே முளைக்கத் தொடங்கும். அலசி, தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். உறையில் வகையும் ஆண்டும் எழுதுங்கள். தக்காளி விதை நான்கு ஆண்டு வரை தாங்கும். வெங்காய விதைக்கு ஓராண்டுதான், அதை முதலில் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள்.