மீள்பரிசீலனைக்குப் போடுமுன்: உயர்தரப் பிள்ளைகள் விடும் பிழைகள்

உயர்தரப் பரீட்சைப் (ஏ/எல்) பெறுபேறு வந்த அன்று ஏ எதிர்பார்த்த பாடத்துக்கு சி என்று கிடந்தால், பக்கத்தில் நிற்கிற யாராவது உடனே சொல்வார்: "ரீ-கரெக்‌ஷனுக்குப் போடு பிள்ளை." விடைத்தாளைத் திரும்பப் பார்க்கச் சொல்லிக் காசு கட்டி விண்ணப்பிக்கிற மீள்பரிசீலனையைத்தான் சொல்கிறார். சரி, போடலாம். எந்தப் பாடத்துக்கு, ஏன் என்று யோசிக்காமல் போடுவதில்தான் பிழை தொடங்குகிறது.

மனவருத்தத்தில் மூன்று பாடத்துக்கும் காசு கட்டுகிறவர்கள் உண்டு. தவணைப் பரீட்சையில் 80 எடுத்தேன் என்பது ஒரு காரணமே இல்லை. அந்த வினாத்தாள் வேறு, திருத்தியவரும் வேறு. வினாத்தாளை எடுத்துக்கொண்டு பாட ஆசிரியரிடம் போங்கள். எழுதிய விடைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவர் கணக்கில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். அதற்கும் வந்த பெறுபேற்றுக்கும் பெரிய இடைவெளி இருக்கிற பாடத்துக்குப் போட்டால் போதும்.

ஏ வந்த பாடத்துக்கு எதற்கு என்று விட்டுவிடுவது இதற்கு நேரெதிரான பிழை. 75 எடுத்தாலும் ஏ, 95 எடுத்தாலும் ஏ. ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்ப்பது இசட் புள்ளியை. உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (எல்லாருடைய புள்ளிகளும் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்ற அளவால்) வகுத்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி எடுக்கிறார்கள். ஆகவே தரம் மாறாமலே இசட் புள்ளி மாறலாம். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன. நீங்கள் கேட்கிற பாடநெறிக்கு உங்கள் மாவட்டத்தின் போன வருட வெட்டுப்புள்ளியை, அதாவது இடம் கிடைத்த ஆகக் குறைந்த இசட் புள்ளியை, எடுத்துப் பாருங்கள். அதற்குச் சற்றுக் கீழே நிற்கிற பிள்ளைக்கு இரண்டு மூன்று புள்ளியும் பெரிய விஷயம். எங்கேயோ தூரத்தில் நிற்கிறவருக்கு அந்தக் காசை அடுத்த முறை வகுப்புக்குக் கொடுப்பது நல்லது. யாழ்ப்பாணத்து மச்சானின் வெட்டுப்புள்ளியோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம், அவருடைய மாவட்டம் வேறு.

எல்லாவற்றிலும் மோசமான பிழை, முடிவு வரட்டும் என்று சும்மா இருப்பது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்ப முடிவுத் திகதி உங்கள் மீள்பரிசீலனைக்காகக் காத்திருக்காது. கையில் இருக்கிற பெறுபேற்றோடு விண்ணப்பித்துவிடுங்கள். திரும்ப எழுதுகிற யோசனை இருந்தால் அடுத்த பரீட்சைக்கும் நேரத்தோடு போடுங்கள். பாடசாலையை விட்டு விலகியவர் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு யாரும் வீடு தேடி வந்து சொல்லமாட்டார்கள்.

சின்ன விஷயம் ஒன்று. கொமினிகேசன் கடையில் (போட்டோகொப்பி, இன்டர்நெட் கடையில்) விண்ணப்பம் நிரப்பும்போது கடைக்காரரின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதன்பிறகு வருகிற தகவல் எல்லாம் அவருக்குத்தான் போகும். உங்கள் இலக்கத்தைக் கொடுங்கள். சுட்டெண்ணையும் அடையாள அட்டை இலக்கத்தையும் நீங்களே ஒருமுறை வாசித்துச் சரிபாருங்கள். பணம் கட்டிய ரசீதைப் படம் எடுத்து வையுங்கள். கொழும்பில் ஆள் இருக்கிறது, புள்ளி கூட்டித் தரலாம் என்று யாராவது வந்தால் அப்படியே அனுப்பிவிடுங்கள்.

எழுதிய பாடத்துக்கு "வரவில்லை" என்று வந்திருந்தால் அது மீள்பரிசீலனைக்குப் போட்டுவிட்டு இருக்கிற விஷயம் இல்லை. அன்றைக்கே அதிபரிடம் சொல்லி, பரீட்சைத் திணைக்களத்தின் 1911 இலக்கத்துக்கும் எடுத்துக் கேளுங்கள்.