கரைக்குப் போகும் செய்தியைக் கட்டுவது: ஜிலிப் நூலகத்தில் வளரும் சரங்கள்

பாம்பன், மண்டபம், தொண்டி, கீழக்கரை என்று ஒவ்வொரு கரைக்கும் விடியுமுன் ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும்: காற்று எப்படி, தென்கடலா (மன்னார் வளைகுடா) வடகடலா (பாக் விரிகுடா), நாட்டுப்படகு போகலாமா. மீன் வந்து இறங்கியதும் ஏலப் பட்டியல்: மீன், எடை, விலை, மொத்தம். இரண்டின் நீளமும் முன்கூட்டித் தெரியாது. சூடை மட்டும் வந்த நாளில் பட்டியல் பத்து வரியில் முடிந்துவிடும். சீலா, கணவாய், நண்டு, இறால் எல்லாம் வந்த நாளில் இருநூறு வரி ஓடும். சி மொழியில் 256 பைட் என்று ஒரு இடத்தை ஒதுக்கி அதற்குள் எழுதிக்கொண்டே போனால், மீன் நிறைய வந்த நாளில்தான் நிரல் உடையும்.

இதற்கு ஜிலிப் (GLib) என்ற சி மொழி நூலகத்தில், அதாவது ஆயத்த ஃபங்ஷன்களின் தொகுப்பில், ஜிஸ்ட்ரிங் (GString) இருக்கிறது. எழுத எழுதத் தானே இடத்தைப் பெருக்கிக்கொள்ளும் சரம், அதாவது எழுத்துத் தொடர், அது. அதன் ஃபங்ஷன்கள் எல்லாம் ஜி_ஸ்ட்ரிங்_ என்று தொடங்கும். இங்கே நியூ, அப்பெண்ட், டிரங்கேட் என்று பின்பாதியை மட்டும் சொல்கிறோம்.

உள்ளே இருப்பது மூன்றே உறுப்புகள். எஸ்டிஆர் என்பது எழுத்துகள் கிடக்கும் இடத்தின் முகவரி. லென் என்பது இதுவரை எழுதிய பைட்டுகளின் எண்ணிக்கை. சரம் முடிந்தது என்று காட்டக் கடைசியில் நிற்கும் சுழிபைட் இதில் சேராது. அலகேட்டட்_லென் என்பது மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் இடம். இந்த நூலகத்தோடு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இரண்டே குழப்பத்தில் பிறக்கின்றன: முகவரி மாறாது என்று நம்புவது, லென் என்பது எழுத்துக் கணக்கு என்று நம்புவது.

தொடங்கும்போது

வெறும் சரம் வேண்டுமென்றால் நியூ ஃபங்ஷனுக்கு நல் (NULL, வெற்று முகவரி) கொடுங்கள். அளவு ஓரளவு தெரியுமென்றால் சைஸ்டு_நியூ நல்லது. ஏலப் பட்டியலில் ஒரு வரிக்கு மீன் பெயர், எடை, விலை, வரிமுறிவு எல்லாம் சேர்த்து 80 பைட் என்று வையுங்கள். 200 வரிக்கு 16,000. ஆகவே 16384 கேட்டுவிட்டால் நடுவில் இடம் பெருக்கும் வேலையே வராது.

கேட்காவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை, காரணம் அது இரட்டித்து வளர்கிறது. 64 பைட்டில் தொடங்கி 16384 வரை போக 8 முறை இரட்டித்தால் போதும். ஒவ்வொரு முறையும் பழையதை நகலெடுக்க நேர்ந்தாலும் மொத்தம் 16,320 பைட்தான் நகரும். இதையே கையால் எழுதி, தேவைப்படும்போதெல்லாம் 32 பைட் மட்டும் கூட்டுபவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் 16,000 பைட்டுக்கு 500 முறை இடம் கேட்க வேண்டும். நகலெடுப்பது 40 லட்சம் பைட்டை எட்டிவிடும். சொந்தமாக எழுதியே ஆக வேண்டுமென்றாலும் இரட்டிப்பதை விட்டுவிடாதீர்கள்.

சேர்ப்பது

கடைசியில் சேர்க்க அப்பெண்ட், ஒற்றை பைட்டுக்கு அப்பெண்ட்_சி, யூனிகோடு குறி ஒன்றைச் சேர்க்க அப்பெண்ட்_யூனிகார், எண்களோடு சேர்த்து எழுத அப்பெண்ட்_பிரிண்ட்எஃப். அப்பெண்ட்_சி தமிழுக்கு ஆகாது. தமிழின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8 முறையில் (யூனிகோடு குறிகளைப் பைட்டுகளாக எழுதும் முறை) 3 பைட் எடுக்கும். அதில் ஒரு பைட்டை மட்டும் சேர்த்தால் சரமே கெட்டுப்போகும்.

அப்பெண்ட்_பிரிண்ட்எஃப்பில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. பயனர் எழுதிய வரியை நேராக வடிவச்சரமாக, அதாவது எதை எங்கே எழுதுவது என்று % குறிகளால் சொல்லும் சரமாக, கொடுக்கக் கூடாது. வியாபாரி "கமிஷன் 5% சேர்த்து" என்று குறிப்பு எழுதியிருந்தால், அந்த % குறிக்கு அடுத்து வருவதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு, இல்லாத ஒரு மதிப்பைத் தேடி மெமரியில் கைவைக்கவும் கூடும். வடிவச்சரம் எப்போதும் நீங்கள் எழுதியதாக இருக்கட்டும். பயனரின் வரி %எஸ் வழியாகவே உள்ளே வரட்டும். வெறும் வரிதான் என்றால் அப்பெண்ட் போதும்.

பிரிண்ட்எஃப் என்பதும் அப்பெண்ட்_பிரிண்ட்எஃப் என்பதும் வேறு வேறு. முன்னது பழையதை முதலில் துடைத்துவிட்டுத்தான் எழுதும். அதே சரத்தின் எஸ்டிஆரை அதற்கே மதிப்பாகக் கொடுத்து "முன்பு இருந்தது, அதோடு இது" என்று கட்ட நினைத்தால், முன்பு இருந்தது காணாமல் போயிருக்கும்.

தலையில் சேர்க்கும் பிரிபெண்ட், நடுவில் செருகும் இன்சர்ட் இரண்டும் பின்னால் இருப்பதை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு எழுதுகின்றன. ஒரு முறை என்றால் பரவாயில்லை. 200 வரியையும் பிரிபெண்ட் செய்து தலைகீழாக அடுக்காதீர்கள்; தரவைக் கடைசியிலிருந்து படித்து அப்பெண்ட் செய்யுங்கள்.

காற்புள்ளி விஷயமும் இங்கேதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுப் பட்டியல் காலியாக வரும். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் காற்புள்ளி போட்டுவிட்டு, முடிவில் லென் கழித்தல் ஒன்றாம் இடத்தைப் பார்த்து அதை நீக்கும் நிரல் அன்றைக்குத் தடுமாறும். லென் குறியற்ற எண். பூஜ்யத்தில் ஒன்றைக் கழித்தால் மிகப் பெரிய எண்ணாகச் சுற்றிவிடும். காற்புள்ளியைப் பெயருக்கு முன்னால் போடுங்கள், அதுவும் லென் பூஜ்யத்தைவிட அதிகமாக இருந்தால் மட்டும். காலிச் சரத்தின் எஸ்டிஆர் நல் அல்ல, காலி எழுத்துவரிசை. எனவே காலியா என்று பார்க்க லென்னைத்தான் கேட்க வேண்டும்.

முகவரியைப் பிடித்து வைக்காதீர்கள்

பட்டியலின் தலையில் "மொத்தம்" என்று எழுதி, தொகைக்கு இடம் விட்டு, எல்லா வரியும் முடிந்த பிறகு அங்கே தொகையை நிரப்ப வேண்டும் என்று வையுங்கள். அந்த இடத்தின் பாயிண்டரை, அதாவது முகவரியை, எடுத்து வைத்துக்கொண்டு அப்பெண்ட் செய்துகொண்டே போனால், சரம் வளரும்போது மொத்த எழுத்தும் வேறு இடத்துக்குக் குடிபோயிருக்கும். கையில் இருப்பது காலி செய்த வீட்டின் முகவரி. சின்னப் பட்டியலில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் இடம் மாறும் தேவை வந்திருக்காது. அதனால்தான் இந்தப் பிழை சோதனையில் தப்பி, கரையில் மாட்டும்.

பாயிண்டருக்குப் பதிலாக, இடம் விடும் கணத்தில் லென் என்ன என்று ஒரு எண்ணாகக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து வெற்றிடம் அப்பெண்ட் செய்யுங்கள். எல்லாம் முடிந்ததும் ஓவர்ரைட் ஃபங்ஷனுக்கு அந்த எண்ணையும், பத்து இலக்க அகலத்தில் எழுதிய தொகையையும் கொடுங்கள். அகலம் சரியாக இருந்தால் பக்கத்து எழுத்து அழியாது.

மூன்று கணக்கு

இந்தச் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள்: "பாம்பன் தென்கடல்: காற்று பலம். நாட்டுப்படகு போக வேண்டாம்." படிப்பவர் கண்ணுக்கு, இடைவெளியும் புள்ளியும் சேர்த்து, 37 எழுத்து. யூனிகோடு குறிகளாக எண்ணினால் 57, காரணம் "பா" என்பது ப ஒன்று, கால் ஒன்று. "ம்" என்பது ம ஒன்று, புள்ளி ஒன்று. லென் காட்டுவது 153, தமிழ்க் குறிகள் 48 × 3, அதோடு ஒற்றை பைட் குறிகள் 9.

எஸ்எம்எஸ் கட்டணம் கேட்பது நடுவில் உள்ள கணக்கை. தமிழ்ச் செய்தி ஒன்றில் 70 குறி அடங்கும். அதைத் தாண்டினால் செய்தி துண்டாகும், துண்டுக்கு 67 மட்டுமே, ஏனென்றால் துண்டுகளை ஒட்டுவதற்கான தலைப்புக்கு 3 குறி அளவு இடம் போய்விடும். மேலே உள்ளதோடு ஒரு இடைவெளி விட்டு "கீழக்கரையிலும்." என்று சேர்த்தால் 73. மூன்று குறிக்காக இரண்டு செய்திக் கட்டணம். லென்னை 70-ஓடு ஒப்பிட்டால் அடங்கும் செய்தியையும் நீளம் என்று தவறாகத் தள்ளுவீர்கள். எண்ண வேண்டியது ஜி_யூடிஎஃப்8_எஸ்டிஆர்லென் கொண்டு.

வெட்ட வேண்டுமென்றால் முதலில் ஜி_யூடிஎஃப்8_ஆஃப்செட்_டு_பாயிண்டர் மூலம் 70 குறிகளுக்குப் பின் வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த இடத்தில் நிற்கும் குறி துணைக்காலாகவோ கொம்பாகவோ புள்ளியாகவோ இருந்தால் ஜி_யூனிகார்_இஸ்மார்க் ஆம் என்று சொல்லும். ஆம் என்றால் ஒரு குறி பின்னால் வாருங்கள். இல்லை என்று வரும்வரை இதைச் செய்யுங்கள். பிறகு அந்த இடத்திலிருந்து எஸ்டிஆரைக் கழித்துக் கிடைக்கும் பைட் எண்ணை டிரங்கேட்டுக்குக் கொடுங்கள். இதைச் செய்யாமல் வெட்டினால் "வேண்டாம்" என்பது "வேண்டாம" என்று போய் நிற்கும். கடலுக்குப் போகலாமா என்று பார்ப்பவருக்கு அரைகுறைச் சொல் போகவே கூடாது. ஸ்ரீ, க்ஷ போன்ற கூட்டெழுத்துகளுக்கு இந்தச் சோதனை மட்டும் போதாது. முடிந்தால் கடைசி இடைவெளிவரை பின்வாங்கி முழுச் சொல்லாக வெட்டுவதே மேல்.

பிரிண்ட்எஃப்பின் அகலமும் பைட் கணக்குத்தான். மீன் பெயரை 20 அகலத்தில் அடுக்கச் சொன்னால் "சூடை", "கணவாய்", "நெத்திலி" மூன்றும் மூன்று இடத்தில் நிற்கும், விலை நெடுவரிசை கோணலாகும். நீளத்தை வெட்டும் %.10எஸ் இன்னும் மோசம்: பத்தாவது பைட்டில், அதாவது நான்காவது குறியின் முதல் பைட்டோடு அறுத்துவிடும்.

ஒரே ஊர், இரண்டு வடிவம்

"தொண்டி" என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். முன்னது 18 பைட், பின்னது 21. திரையில் வித்தியாசம் தெரியாது. ஈக்வல் ஃபங்ஷன் இரண்டும் வேறு என்று சொல்லும். தொண்டிக்கு இரண்டு மொத்தம் வரும். உள்ளே வரும் பெயரை முதலில் ஜி_யூடிஎஃப்8_வேலிடேட் கொண்டு சோதித்து, ஜி_யூடிஎஃப்8_நார்மலைஸ் கொண்டு சேர்ந்த வடிவத்துக்கு மாற்றி, அதன் பிறகே அப்பெண்ட் செய்யுங்கள். நார்மலைஸ் புதிய மெமரியைத் தருகிறது, அதை ஜி_ஃப்ரீ செய்ய வேண்டும். பாமினி எழுத்துருவில் தட்டச்சான பழைய பட்டியல்கள் வேலிடேட் சோதனையில் தேறிவிடும், ஏனென்றால் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். அவற்றைத் தனியாக யூனிகோடுக்கு மாற்றித்தான் சேர்க்க முடியும்.

மறுபடி பயன்படுத்துவது, விடுவிப்பது

ஒவ்வொரு கரைக்கும் புதுச் சரம் வேண்டியதில்லை. டிரங்கேட் செய்து பூஜ்யமாக்கினால் வாங்கிய இடம் அப்படியே இருக்கும், அடுத்த செய்தியை அதிலேயே எழுதலாம். ஆனால் எஸ்டிஆரை அப்படியே அனுப்பும் வரிசையில் போட்டுவிட்டு அடுத்ததை எழுதத் தொடங்கினால், எல்லாக் கரைக்கும் கடைசிக் கரையின் செய்தியே போகும். வரிசையில் போடும்போது ஜி_எஸ்டிஆர்டூப் செய்து நகலைப் போடுங்கள். ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு திரெட்கள் ஒரே சரத்தில் பூட்டு இல்லாமல் எழுதவும் கூடாது.

ஃப்ரீ ஃபங்ஷனுக்கு ட்ரூ கொடுத்தால் எல்லாம் போய்விடும். ஃபால்ஸ் கொடுத்தால் மேலுறை மட்டும் போய், எழுத்துகளின் பாயிண்டர் உங்கள் கைக்கு வரும். அதைப் பிறகு ஜி_ஃப்ரீ செய்வது உங்கள் பொறுப்பு. 2.76 பதிப்பு முதல் இதற்கே ஃப்ரீ_அண்ட்_ஸ்டீல் என்று தெளிவான பெயரில் ஒரு ஃபங்ஷன் உண்டு. மாறியை, வெளியேறும்போது தானே விடுவிக்கப்படும்படி, ஜி_ஆட்டோபிடிஆர் என்று அறிவித்திருந்தால் கையால் ஃப்ரீ செய்யாதீர்கள்; வெளியேறும்போது அது இரண்டாம் முறை விடுவிக்கப்பட்டு நிரல் விழும். உள்ளிருப்பதை வெளியே கொடுக்க வேண்டுமென்றால் ஜி_ஸ்டீல்_பாயிண்டர் வழியாக எடுத்துக் கொடுங்கள்.

முடித்த பிறகு, மெமரிப் பிழைகளைக் காட்டும் வால்கிரைண்ட் கருவியின் கீழ் நிரலை நான்கு உள்ளீட்டோடு ஓட்டிப் பாருங்கள்: தடைக்காலத்துக் காலிப் பட்டியல், 200 வரிப் பட்டியல், % குறி உள்ள குறிப்பு, இரண்டு வடிவத்திலும் தொண்டி.