பழைய பிலிம் கமராவில் சிறிய வடிகட்டிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பியதாகவோ, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பழைய பொருள் விற்பவர்களிடம் வாங்கியதாகவோ வன்னிக்கு வந்து சேரும் பிலிம் கமராக்களின் தோலுறையில், முப்பது நாற்பது மில்லிமீற்றர் அகலமே கொண்ட இரண்டு மூன்று வடிகட்டிகள், அதாவது வில்லையின் முன் மாட்டும் வட்டக் கண்ணாடிகள், இருப்பது வழக்கம். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, பச்சை என்று அழகாகத் தெரியும் அவற்றைக் கண்டவுடன் வில்லையில் மாட்டிப் பார்க்கத் தோன்றும். மாட்டுவதற்கு முன் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். 1930களிலிருந்து 1970கள் வரை வந்த கமராக்களில் வடிகட்டியின் அளவு, அது பொருந்தும் முறை, ஒளியளவைக் கணக்கிடும் வழி ஆகிய மூன்றும் கமராவுக்குக் கமரா மாறும். எனவே எந்த வடிகட்டி நல்லது என்று கேட்பதற்கு முன், கையிலுள்ள கமரா அதை எவ்வாறு ஏற்கும் என்று கேட்பதே முறை.

முதல் தவறு அளவில் நேர்கிறது. வடிகட்டியில் 42 என்று பொறித்திருந்தால் அது 42 மில்லிமீற்றர் திருகாணிப் புரி என்று பலர் முடிவுகட்டி விடுகிறார்கள். பழைய ஜேர்மன் வடிகட்டிகளில் அது பெரும்பாலும் வில்லையின் விளிம்பின் வெளிவிட்டத்தைக் குறிக்கும். அவ்வகை வடிகட்டி புரியில் ஏறுவதில்லை, விளிம்பின் மேல் தள்ளிச் செருகப்படுவது. விளிம்பின் வெளிவிட்டம் 36 மில்லிமீற்றரான எல்மார் வில்லையை உடைய பழைய லைக்காவில் செருகும் முறையும், பின்வந்த பல லைக்கா வில்லைகளில் 39 மில்லிமீற்றர் புரியும், சோர்க்கி, கீவ் கமராக்களுடன் வந்த ஜூப்பிட்டர் 8 வில்லையில் 40.5 மில்லிமீற்றர் புரியும், ஒலிம்பஸ் ட்ரிப் 35 இல் 43.5 மில்லிமீற்றர் புரியும் உள்ளன. ரொலைபிளெக்ஸ், ரொலைகோட், யாஷிகா மற் போன்ற இரட்டை வில்லைக் கமராக்களில் புரியே இல்லை. கொளுவித் திருப்பும் பயோனெற் முறைதான். அதிலும் பயோனெற் என்பதைச் சுருக்கி பே 1, பே 2, பே 3 என்று அளவுகள் உண்டு. யாஷிகா மற் 124ஜீ க்கு பே 1 பொருந்தும், 2.8 வில்லை கொண்ட ரொலைபிளெக்ஸுக்குப் பெரும்பாலும் பே 3 வேண்டும். சீரிஸ் 5, 6, 7 என்ற இன்னொரு வகையில் புரியே இல்லாத வெறும் கண்ணாடி வட்டம் ஒன்றை இரண்டு வளையங்களுக்கிடையே வைத்து இறுக்குவார்கள். வளையமின்றிக் கண்ணாடியை மட்டும் வாங்கினால் பயனில்லை. பாடசாலை ஆய்வுகூடத்தில் நாம் பிடித்துப் பழகிய வேணியர் இடுக்கிமானியால் அளப்பதே நம்பகமானது. ஆனால் வில்லையின் உட்புரியை அளக்கும்போது புரிமுனைகளுக்கிடையிலான தூரமே கிடைப்பதால், 40.5 புரி ஏறத்தாழ 40 என்றே காட்டும். அதை நம்பி 40 மில்லிமீற்றர் வடிகட்டி தேடுவோர் அலைய வேண்டியிருக்கும்.

அளவு சற்றுப் பொருந்தாதபோது பலவந்தமாகத் திருகுவது அதைவிடப் பெரிய தவறு. அலுமினியப் புரியில் அலுமினிய வளையம் கோணலாக ஏறினால் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். வில்லையின் புரி போய்விட்டால் அதைத் திருத்துவோர் இன்று மிகக் குறைவு. முதலில் எதிர்த்திசையில் மெதுவாகச் சுழற்றி, புரி ‘டிக்’ என்று விழுவதை விரலில் உணர்ந்த பின் மட்டுமே முன்னோக்கித் திருக வேண்டும். இறுகிவிட்ட வடிகட்டியை விரல்களால் இரு பக்கமும் நெருக்கிப் பிடித்தால் வட்டம் நெளிந்து மேலும் இறுகும். அதற்குப் பதிலாக, புதிய ரப்பர்ச் செருப்பொன்றின் சுத்தமான அடியைத் தட்டையாக வளையத்தின் முழு விளிம்பிலும் ஒரே சீராக அழுத்தி மெல்லத் திருப்பினால், பெரும்பாலான வடிகட்டிகள் கழன்றுவிடும். குறடு எடுப்பது எவ்விதத்திலும் கூடாது.

பொருந்திய வடிகட்டி கமராவின் வேறு வேலைகளை மறிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பழைய எல்மாரில் ஒளி புகும் துவாரத்தின் அளவை மாற்றும் சிறு நெம்பு வில்லையின் முகத்திலேயே இருப்பதால், செருகிய வடிகட்டி அதை மறைத்துவிடும். துவாரத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்ள வேண்டும். மடிக்கும் கமராக்களில் வடிகட்டியைக் கழற்றாமல் கதவை மூடினால் முன்பகுதியின் தாங்கிகள் வளையும்; துருத்தியும் கிழியலாம். இரட்டை வில்லைக் கமராவில் படம் பிடிப்பது கீழ்வில்லை. மேல்வில்லையில் மாட்டிய சிவப்பு வடிகட்டி கண்ணுக்கு மட்டும் சிவப்பைக் காட்டும், பிலிமுக்கு எதுவும் செய்யாது.

இனி ஒளியளவு. ஒவ்வொரு வடிகட்டியும் தான் விழுங்கும் ஒளிக்கு ஏற்ப ஒரு காரணியை, அதாவது ஒளியை எத்தனை மடங்காக்க வேண்டும் என்ற எண்ணை, கொண்டுள்ளது. வடிகட்டிகளுக்கு இலக்கமிடும் கொடாக்கின் ரட்டன் முறையில் 8 ஆம் இலக்க மஞ்சளுக்கு, அதாவது பழைய பெயரில் கே2 க்கு, காரணி 2. 11 ஆம் இலக்கப் பச்சைக்கு 4. 25 ஆம் இலக்கச் சிவப்புக்கு 8. ஒளியை இரு மடங்காக்குவது ஒரு ஸ்டொப் என்பதால், இவை முறையே ஒரு ஸ்டொப், இரண்டு ஸ்டொப், மூன்று ஸ்டொப் கூடுதல் ஒளியைக் கேட்கின்றன. இரண்டு வடிகட்டிகளைச் சேர்த்து மாட்டும்போது காரணிகளைக் கூட்டுவோர் பலர், பெருக்குவதே சரி. மஞ்சளின் 2 ஐயும் துருவமாக்கும் வடிகட்டியின் 4 ஐயும் கூட்டினால் 6 வரும், உண்மையில் வேண்டியது 8, அதாவது மூன்று ஸ்டொப். பழைய வளையங்களில் பொறிக்கப்பட்டிருக்கும் எழுத்துகளும் ஏமாற்றும். ரட்டன் முறையில் ஜீ என்பது அடர்மஞ்சள், ஜேர்மன் வடிகட்டிகளிலும் அது மஞ்சளையே குறிக்கும். அதைப் பச்சை என்று எண்ணி வாங்குவோர் உண்டு. எழுத்தைப் பார்க்காமல் வெள்ளைத் தாள் ஒன்றின் மேல் கண்ணாடியை வைத்து நிறத்தைப் பார்க்க வேண்டும்.

காரணியைக் கையால் சேர்க்க வேண்டுமா என்பதை ஒளியை அளக்கும் உணரி இருக்குமிடம் தீர்மானிக்கிறது. ட்ரிப் 35 இல் செலீனிய உணரி வில்லையைச் சுற்றியே இருப்பதாலும், கனோனெற் கியூஎல்17 இல் உணரி வடிகட்டி வளையத்துக்கு உள்ளேயே அமைந்திருப்பதாலும், வடிகட்டியை மாட்டியவுடன் கமராவே ஒளி குறைவதை உணர்ந்துகொள்ளும். அங்கே காரணியையும் சேர்த்துக் கொடுத்தால் கணக்கு இரட்டிப்பாகி நெகட்டிவ் அளவுக்கு மீறிக் கருத்து அடர்ந்துவிடும். யாஷிகா எலெக்ட்ரோ 35 இல் உணரி வில்லையில் இல்லாமல் உடலில் இருப்பதால் எதையும் உணராது. 400 வேகப் (ஐஎஸ்ஓ) பிலிமுக்கு மஞ்சள் வடிகட்டி இட்டால் வேகத்தை 200 என்று வைக்க வேண்டும். கைத்தொலைபேசிச் செயலியால் அளப்பவர்களும் காரணியைத் தாமே சேர்க்க வேண்டியவர்களே. சிவப்பு வடிகட்டியில் மட்டும் இன்னொரு சிக்கல் உண்டு. கட்மியம் சல்பைட் உணரிகள் சிவப்பு ஒளியைப் பிலிமைவிடக் கூடுதலாக உணர்வதால், அவை ஒளி போதும் என்று சொல்லிவிடும். அரை முதல் ஒரு ஸ்டொப் வரை கூட்டிக் கொடுப்பது பாதுகாப்பு.

வன்னியின் நண்பகல் வெயிலில் இந்தக் காரணியே உதவியாக அமைவதும் உண்டு. 400 வேகப் பிலிமுக்கு முழு வெயிலில் எஃப் 16 துவாரமும் 1/400 செக்கன் ஷட்டர் வேகமும் வேண்டும். மடிக்கும் கமராவின் ஷட்டர் 1/200 இற்கு மேல் போகாதென்றால் எஃப் 16 இல் ஒரு ஸ்டொப் ஒளி கூடிவிடும். மஞ்சள் வடிகட்டி ஒன்று அந்தக் கூடுதலைச் சரியாக விழுங்கிக்கொள்ளும்.

இனி நான் மிகவும் வலியுறுத்த விரும்புவதற்கு வருகிறேன். கருப்பு வெள்ளைப் படத்தில் வடிகட்டி எப்போதும் தன் நிறத்தை வெளிறச் செய்து, எதிர் நிறத்தை இருளச் செய்யும். சிவப்பு வடிகட்டி வானத்தைக் கருமையாக்கி முகிலை எழுப்பிக் காட்டும் என்று மட்டும் பலர் அறிந்திருக்கிறார்கள். அதே கண்ணாடி நிலத்துக்கு என்ன செய்யும் என்று எண்ணுவதில்லை. ஒட்டுசுட்டான் பக்கக் கிறவல் வீதியொன்றைச் சிவப்பு வடிகட்டியுடன் எடுத்தால், செம்மண் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறி, அதன் ஓரத்து நெற்பயிர் இருண்டு கிடக்கும். இரணைமடுக் குளக்கட்டிலிருந்து கீழே விரியும் வயலைப் பச்சை ததும்பக் காட்ட வேண்டுமாயின் பச்சை அல்லது மஞ்சள்பச்சை வடிகட்டியே வேண்டும். அதில் பயிர் ஒளிபெறும், செம்மண் அடர்ந்து நிற்கும், வானமும் ஓரளவு அடங்கும். முகங்களில் விளைவு இன்னும் நுட்பமானது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலில் நெற்றி நிறையக் குங்குமம் வைத்து நிற்கும் பெண்ணொருவரைச் சிவப்பு வடிகட்டியால் எடுத்தால், பொட்டு தோலின் நிறத்தோடு கலந்து ஏறத்தாழ இல்லாமலே போய்விடும். அவர் உடுத்தியிருக்கும் சிவப்புச் சேலையும் வெளிறிய சேலையாகும். அந்த இடத்தில் வடிகட்டியே வேண்டாம், அல்லது மென்மஞ்சள் போதும்.

நிழலும் கவனிக்கத் தக்கது. உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழும் கூரைக்குக் கீழும் விழும் நிழலை ஒளிரச் செய்வது நீல வானத்தின் ஒளி. சிவப்பு வடிகட்டி அந்த நீலத்தைத் தடுப்பதால் நிழலில் விவரமே தங்காது. வெண்புகார் மூடிய வானத்தை எந்த நிற வடிகட்டியாலும் கருமையாக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் தூசு படர்ந்த அடிவானம் அப்படித்தான் இருக்கும். தலைக்கு மேலுள்ள நீலம் மட்டுமே வடிகட்டிக்கு வசப்படும்.

சிவப்பு ஒளியை உணராத ஓர்தோ பிலிமில் சிவப்பு வடிகட்டி இட்டால் படமே விழாது. கருப்பு வெள்ளைக்கான வடிகட்டியை வண்ணப் பிலிமில் இட்டால் சுருள் முழுவதும் அந்நிறமே படியும்.

பழைய கண்ணாடியின் உடல்நிலையைச் சோதிக்காமல் மாட்டுவதும் பரவலான தவறு. நிறமூட்டிய ஜெலற்றின் தாளை இரு கண்ணாடிகளுக்கிடையே பிசினால் ஒட்டிச் செய்த வடிகட்டிகள் இன்னும் கைமாறுகின்றன. விளக்கொளியில் சரித்துப் பார்த்தால் விளிம்பில் வானவில் வளைவுகளோ, உள்நோக்கி ஊரும் கிளைக்கோடுகளோ தென்படுமாயின் ஒட்டு பிரியத் தொடங்கிவிட்டது என்று பொருள், படம் மழுங்கும். அவ்வகையை நீரில் கழுவினால் ஈரம் விளிம்பால் உட்புகுந்து ஜெலற்றினைக் கெடுத்துவிடும். முழுமையும் நிறக் கண்ணாடியாலானதை மட்டுமே கழுவலாம். ஐப்பசி, கார்த்திகை மாரியில் தோலுறை ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சணத்தை வளர்க்கும். வடிகட்டியில் தொடங்கிய பூஞ்சணம் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் வில்லைக்கும் பரவும். தோலுறையை நினைவுக்காக வேறாக வைத்துவிட்டு, வடிகட்டிகளை இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் இட்டு வைக்க வேண்டும். அரிசிக்குள் புதைப்பது வேண்டாம். அதன் தவிடு கண்ணாடியில் ஒட்டும். கிறவல் தூசு படிந்த கண்ணாடியைச் சாரத்தின் நுனியால் துடைப்போரைக் காணும்போது மனம் பதைக்கிறது. தூசிலுள்ள மணற்துகள் கண்ணாடியின் பூச்சைக் கீறிவிடும். முதலில் காற்றூதி தூசை அகற்றிய பின்னரே துணி தொட வேண்டும். முல்லைத்தீவுக் கடற்கரையில் படியும் உப்பை அன்றிரவே அகற்றாவிட்டால் வளையம் அரிக்கும்.

வில்லைக்குப் பாதுகாப்பு என்று ஒரு நிறமற்ற வடிகட்டியை ஆண்டு முழுவதும் மாட்டி வைத்திருப்பவர்கள், அது பூச்சில்லாத பழைய கண்ணாடியா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் பக்கத்திலிருந்து வரும் வெயில் அதன் தட்டையான முகங்களுக்கிடையே தெறித்து, படம் முழுவதும் பால்போன்ற மங்கலைப் பரப்பும். மாலைச் சூரியனை எதிர்நோக்கி எடுக்கும்போது ஒளிப்புள்ளிகள் இரட்டையாகத் தெரியும். தூசும் கடல்நீரும் இல்லாத இடத்தில் அதைக் கழற்றிவிட்டு, அதே புரியில் பொருந்தும் ஆழமான வெயில்மறைப்பு ஒன்றை மாட்டிக்கொள்வது அந்த வில்லைக்கு எவ்வளவோ மேல்.