சாய்ப்பில் நிற்கும் அம்பாசிடர்: முதலில் பிரேக்

வருஷக்கணக்கில் சாய்ப்புக்குள் நின்ற வண்டியை எடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் புது பேட்டரி மாட்டி இன்ஜினைத்தான் உசுப்பிப் பார்ப்பார்கள். ஸ்டார்ட் ஆகிவிட்டால் ரோடு வரை உருட்டிப் பார்க்க ஆசை வரும். குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் பாதி வீடுகள் மேட்டில். வாசலிலிருந்து ரோட்டுக்கு நேர் இறக்கம். அதனால் பிரேக் வேலை முடியும்வரை பேட்டரி பக்கமே போக வேண்டாம்.

பழைய அம்பாசிடரில் நான்கு வீலிலும் டிரம் பிரேக்தான். வீலோடு சுற்றும் டிரம்முக்குள், லைனிங் என்ற உராய்வுப் பட்டை அடித்த ஷூ விரிந்து பிடிக்கும். ஷூவைத் தள்ளுவது ஆயிலால் இயங்கும் வீல் சிலிண்டர். நான்குக்கும் சேர்த்து எண்ணெய் ஓடுவது ஒரே லைன். எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு வீலிலும் பிரேக் போய்விடும். மிஞ்சுவது கேபிளில் இழுக்கும் ஹேண்ட் பிரேக் மட்டும். ஆகவே ஒரு வீலைச் சரிசெய்து மற்றதை "அப்புறம் பார்ப்போம்" என்று விடக் கூடாது. ஹேண்ட் பிரேக் கேபிளையும் இதே கையோடு பார்த்துவிடுங்கள்.

நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கடற்காற்றும் உண்டு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். பேச்சிப்பாறையிலிருந்து இறங்கும்போது டிரம் சூடேறி ஆயில் கொதித்தால் லைனில் ஆவி நிறையும், பெடல் தரையைத் தொடும். நிற்கும் வண்டியிலும் அந்த ஈரம் சும்மா இருப்பதில்லை. சிலிண்டரை உள்ளிருந்தே அரிக்கும்.

வண்டியைத் தூக்குவதில் அவசரம் வேண்டாம். ஜாக்கி தூக்க மட்டுமே. தாங்குவதற்கு ஜாக் ஸ்டாண்டு வேண்டும். செங்கல், வெட்டுக்கல், ஹாலோ பிளாக் எதையும் அடியில் வைக்காதீர்கள், பாரம் ஏறினால் சொல்லாமல் பொடிந்துவிடும். தரையில் நிற்கும் வீல்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். ரப்பர் மரக்கட்டையானால் பூச்சி அரித்திருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள்.

டிரம்மைப் பிடித்திருக்கும் ஸ்குரூ துருவில் இறுகியிருக்கும். துரு இளக்கும் ஆயிலை முந்தின நாள் இரவே விட்டு, இம்பாக்ட் டிரைவரை வைத்துச் சுத்தியலால் அடித்தால் தலை சிதையாமல் கழலும். டிரம் வர மறுத்தால் முதலில் ஷூவின் இடைவெளியை மாற்றும் அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். ஷூ உள்ளே பிடித்திருக்கும். உள்ளிருக்கும் தூசியை ஏர் அடித்தோ வாயால் ஊதியோ வெளியேற்றவே கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்; அது நுரையீரலுக்குள் போனால் திரும்பாது. சோப்புத் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். முகக்கவசம் கட்டாயம். ஸ்பிரிங் எந்த ஓட்டையில் எந்தப் பக்கமாக மாட்டியிருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வீலை மட்டும் பிரித்தால், சந்தேகம் வரும்போது எதிர்ப்பக்கத்து வீலைப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி வீல் சிலிண்டர். அதன் ஓரத்து ரப்பர் தொப்பியை விரலால் மடக்கிப் பாருங்கள். உள்ளே உலர்ந்திருந்தால் நல்லது. ஈரமாகவோ காப்பி நிறத்தில் சேறு போலவோ இருந்தால் கப் (உள்ளே ஆயிலைத் தடுக்கும் ரப்பர் சீல்) கசிகிறது. பிஸ்டனை வெளியே எடுத்து, குழலுக்குள் டார்ச் அடித்து, விரல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். கறை மட்டும் என்றால் மெல்லிய ஸ்காட்ச் பிரைட்டை பிரேக் ஆயிலில் நனைத்துத் தேய்த்தால் போகும். நகம் தட்டுகிற குழி இருந்தால் அந்தச் சிலிண்டர் வேண்டாம். புது கிட் (மாற்று ரப்பர் செட்) போட்டாலும் அந்தக் குழி கப்பைக் கிழித்துவிடும். சில வாரத்திலேயே லைனிங் முழுக்க எண்ணெய் ஆகும். ரப்பர் பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் எல்லாக் கப்பும், மூன்று ஹோஸும், பெடலை மிதிக்கும்போது லைனுக்குள் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் கிட்டும் புதிதாகவே இருக்கட்டும். கடைக்குப் பழைய சிலிண்டரைக் கையோடு கொண்டுபோங்கள். மாடலுக்கு மாடல் குழல் அளவு மாறும்.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல் கூடாது. பிஸ்டன் வழுக்கிப் போக கிரீஸோ தேங்காய் எண்ணெயோ தடவுவதும் கூடாது. எண்ணெய்ப் பசை பட்டால் கப் ஊதிப் பிதுங்கும். கடைசியாகக் கழுவவும் மாட்டும்போது நனைக்கவும் புது பிரேக் ஆயில் போதும். கப்பின் விரிந்த உதடு ஆயில் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும்; திருப்பி மாட்டினால் முதல் மிதியிலேயே ஒழுகும்.

லைனிங் தேய்ந்து ரிவெட் தலைக்கு மேல் 1 மி.மீ. மட்டுமே மிஞ்சியிருந்தாலும், எண்ணெய் குடித்திருந்தாலும் மாற்றுங்கள். எண்ணெய் குடித்ததை நெருப்பில் காட்டி உலர்த்துவது பலருக்கும் பழக்கம். சூடேறியதும் அது மறுபடி கக்கும். புது லைனிங் அடிக்கும்போது இடது, வலது இரண்டுக்கும் சேர்த்தே அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டிரம்மில் விளிம்பு கட்டியிருந்தால் லேத்தில் லேசாகக் கடையலாம். மொத்த விட்டத்தில் ஏறத்தாழ 1.5 மி.மீ. கூடிவிட்டால் டிரம்மையே மாற்றிவிடுங்கள்.

பிரேக் பைப்பை கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் சுரண்டிப் பாருங்கள். குளச்சல், மணக்குடி மாதிரிக் கடலோர ஊர் வண்டிகளில் உப்பீரம் அந்த இடுக்கில்தான் தங்கும். புதிதாக வளைக்க 3/16 அங்குல பிரேக் பைப்பே வேண்டும். ஃபிரிட்ஜ் வேலைக்கான செம்புக் குழாய் அதிர்வில் இறுகி விரிசல் விடும். நட்டைக் கழற்ற ஃபிளேர் ஸ்பேனர் வாங்குங்கள். சாதா ஸ்பேனர் முனையை மழுக்கிவிடும்.

எல்லாம் மாட்டியதும், ஏர் எடுப்பதற்கு (லைனுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவதற்கு) முன்பே, ஷூவை அட்ஜஸ்ட் செய்யுங்கள். வீல் சுற்றாமல் பிடிக்கும்வரை இறுக்கி, லேசாக உரசிச் சுற்றும் அளவுக்குத் தளர்த்தினால் சரி.

சீல் உடையாத அரை லிட்டர் பாட்டில் இரண்டு வாங்கினால் லைனைக் கழுவவும் போதும். பாதி வைத்திருந்த பழைய பாட்டில் வேண்டாம். ஆளுக்கொரு வேலையாக இரண்டு பேர் தேவை. மாஸ்டர் சிலிண்டருக்கு வெகு தொலைவிலுள்ள இடது பின் வீலில் தொடங்கி, வலது பின், இடது முன், கடைசியில் வலது முன். வீல் சிலிண்டரில் காற்றை வெளியே விடும் திருகான நிப்பிளில் தெளிவான குழாயை மாட்டி, மறுமுனையை ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்குங்கள். ஒருவர் பெடலை மெதுவாக அழுத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து மூட வேண்டும். மூடியபின்தான் பெடலை விட வேண்டும். குமிழி நிற்கும்வரை இது தொடரட்டும். நடுவில் ஆயில் டப்பா காலியாகிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பழைய மாஸ்டர் சிலிண்டரையே வைத்திருந்தால் பெடலுக்கு அடியில் ஒரு கட்டை வையுங்கள். தரைவரை மிதித்தால், இதுவரை போகாத துருப்பிடித்த பகுதிக்குப் போய் கப் கிழியும். பெயின்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

பெடல் மெத்தையாக அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. இரண்டு முறை மிதித்தால் மேலே வருகிறதென்றால் ஷூ தளர்ந்திருக்கிறது. அழுத்திப் பிடித்திருக்க மெதுவாக இறங்கிக்கொண்டே போனால், வெளியே கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் கப் உள்ளேயே விடுகிறது. பெடலின் மேல்முனையில் கொஞ்சம் வெற்றாட்டம் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது, ஆயில் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும். ஓட ஓடச் சூட்டில் ஆயில் விரிந்து நான்கு வீலும் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

முதல் சோதனை நின்ற இடத்திலேயே. ஒரு நிமிஷம் பலமாக மிதித்துப் பிடித்து, மற்றவர் நான்கு வீலையும் எல்லா ஜாயின்டையும் பார்க்கட்டும். பிறகு ஆளில்லாத சமதளத்தில் 20 கி.மீ. வேகத்தில். ரோட்டில் எடுப்பதற்கு முன் ஆர்.சி. புதுப்பித்து, இன்சூரன்ஸ் போட்டிருக்க வேண்டும். மூன்று கி.மீ. ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு வீலுக்கு அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். மற்ற மூன்றைவிட ஒன்று மட்டும் அனல் வீசினால் அந்த வீலை மறுபடி பிரிக்க வேண்டும்.