தானாகக் கூடும் புரத ஐதரோஜெல்: கணினியில் வடிவமைக்கும் முறை

கிளிநொச்சிச் சந்தையில் முட்டியோடு வாங்கிவந்த எருமைத் தயிரில் கரண்டியால் ஒரு குழி தோண்டி, அரைமணி நேரம் விட்டுப் பாருங்கள். குழி மூடுவதில்லை, அதற்குள் தெளிநீர் ஊறி நிற்கும். தயிரும் ஒரு புரத ஜெல்தான். பால் புளித்து பீஎச் 4.6ஐ நெருங்கும்போது, கேசீன் துகள்கள் ஒன்றையொன்று விலக்கி வைத்திருந்த மின்னேற்றத்தை இழந்து, ஒட்டிக்கொண்டு, நீரைப் பிடித்து வைக்கும் வலையாகின்றன. ஒட்டியவை எளிதில் விடுவதில்லை. நாம் வடிவமைக்கப் போகும் ஐதரோஜெல்லிலோ, அதாவது நீரைப் பிடித்து வைக்கும் வலையிலோ, இழைகளின் முடிச்சுகள் அவிழ்ந்து மீண்டும் விழுகின்றன. ஊசியால் செலுத்தும்போது இளகி, வெளியே வந்ததும் இறுக வேண்டிய பொருள் அது. ஆகவே வேலையைத் தொடங்கும் நாளிலேயே தாளின் தலையில் இரண்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: குழி எத்தனை விநாடியில் மூட வேண்டும், மூடியபின் ஜெல் எத்தனை பஸ்கால் விறைப்போடு நிற்க வேண்டும். அறிவியல்நகரிலோ பம்பைமடுவிலோ பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒருவர் சாதாரண மடிக்கணினியைக் கொண்டே செய்யக்கூடிய அளவில், அடுத்த படிகளை எழுதுகிறேன்.

கற்பதற்கு எளிய அமைப்பு, அமெரிக்க வேதியியலாளர் டேவிட் டிரெல் குழுவினர் 1998இல் வெளியிட்டதுதான்: இரு முனைகளிலும் லியூசின் ஸிப்பர் எனப்படும் சுருள் பகுதி, நடுவில் நீரை விரும்பும் நெகிழ்ந்த இழை. நமது எடுத்துக்காட்டுக்கு முனை ஒவ்வொன்றிலும் 35 அமினோ அமிலங்களும் நடு இழையில் 100 அமினோ அமிலங்களும் இருக்கட்டும். நிறை ஏறத்தாழ 19,000 டால்டன். லீற்றருக்கு 100 கிராம் கரைத்தால் லீற்றரில் சுமார் 5 மில்லிமூல் இழைகள் இருக்கும். நான்கு முனைகள் கூடி ஒரு முடிச்சாகுமென்றால் முடிச்சுகள் 2.5 மில்லிமூல்.

இனிக் கணினியை மூடிவிட்டுத் தாளில் கணக்கிடுங்கள். 25 பாகை செல்சியசில், சுமை தாங்கும் இழை ஒரு கனமீற்றருக்கு ஒரு மூல் என்றால், ரப்பர் மீள்மைக் கோட்பாடு தரும் விறைப்பு ஏறத்தாழ 2.5 கிலோபஸ்கால். லீற்றருக்கு 5 மில்லிமூல் என்பது கனமீற்றருக்கு 5 மூல்; அதற்கு 12.4 கிலோபஸ்கால். நான்கு முனை முடிச்சுகள் தாமே அசையக்கூடியவை என்பதையும் சேர்த்தால் அது பாதியாகி 6.2 கிலோபஸ்காலுக்கு இறங்கும். இது உச்ச வரம்பு மட்டுமே.

குழி மூடும் நேரத்தை முடிச்சின் ஆயுள் தீர்மானிக்கிறது. முனைகள் பற்றும் வேக மாறிலி, லீற்றருக்கு ஒரு மூல் செறிவில், விநாடிக்கு 10 இலட்சம் என்று கொள்வோம். இதைப் பிரிகை மாறிலியால் (பாதி முனைகள் பற்றியிருக்கும் செறிவு; சிறிதானால் பிணைப்பு இறுக்கம்) பெருக்கினால் முடிச்சு அவிழும் வேகம் வரும், அதன் தலைகீழே ஆயுள். பிரிகை மாறிலி 1 நனோமூல் என்றால் முடிச்சின் ஆயுள் 1,000 விநாடி, அதாவது கிட்டத்தட்ட 17 நிமிடம். 1 மைக்ரோமூல் என்றால் ஒரே விநாடி. கரைசலில் முனைகளின் செறிவு 10 மில்லிமூல் என்பதால் இரண்டு நிலைகளிலும் ஏறக்குறைய எல்லா முனைகளும் பற்றியே இருக்கும். விறைப்பில் வேறுபாடு தெரியாது. மாணவர்கள் பலர் மிக இறுக்கமான பிணைப்பைத் தேடியே வாரக்கணக்கைச் செலவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆயிரம் மடங்கு இறுக்கம் அவர்களுக்குத் தருவது ஆயிரம் மடங்கு மந்தமான ஜெல்லைத்தான்.

விறைப்பைக் கெடுப்பது வேறொன்று. ஓர் இழையின் இரு முனைகளும் ஒரே முடிச்சில் விழுந்தால் அது எதையும் தாங்காது. முல்லைத்தீவில் வலை தைப்பவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. இதை வீண்கண்ணி என்போம். நமது எடுத்துக்காட்டில் அது எவ்வளவு நேரும்? முடிச்சுகளின் செறிவிலிருந்து அவற்றின் சராசரி இடைவெளியைக் கண்டால் 8.7 நனோமீற்றர் வருகிறது. அமினோ அமிலம் ஒன்றுக்கு 0.38 நனோமீற்றர் என்பதால் இழையின் முழு நீளம் 38 நனோமீற்றர். ஆனால் கிளைசினும் செரினும் நிறைந்த இழை சுருண்டு கிடப்பதால் முனைக்கு முனை தூரம் சுமார் 5.5 நனோமீற்றர்தான். அடுத்த முடிச்சைவிடத் தன் முடிச்சே கிட்ட இருக்கிறது! வேறு முடிச்சைச் சேரும் இழைகள் மூன்றில் ஒரு பங்கிற்குக் கீழே போனால், நான்கு முனை முடிச்சுகளுக்கான எளிய கோட்பாட்டின்படி ஜெல்லே உருவாகாது. இழையை நீட்டலாம், குளூட்டாமிக் அமிலம் சேர்த்து மின்னேற்றத்தால் விரியச் செய்யலாம், அல்லது ஒன்றையொன்று பற்றாத இரு வேறு முனைகளை ஒரே இழையில் வைக்கலாம். இந்த மூன்றாவது வழியால் ஜெல் கரைந்துபோகும் வேகம் வெகுவாகக் குறைவதை டிரெல் குழுவினரே 2006இல் காட்டினர். எனக்கு இதுவே முதல் தெரிவு.

வீண்கண்ணிகளை எண்ண, மூலக்கூறுகளின் அசைவைப் போலச்செய்யும் லாம்ப்ஸ் என்னும் இலவச மென்பொருள் போதும். ஐந்து அமினோ அமிலங்களை ஒரு மணியாகவும், முனையை நான்கில் ஒன்றாகக் கூடும் ஒரு மணியாகவும் எடுத்து, 500 இழைகளை ஒரு பெட்டியில் விடுங்கள். முனைமணிகள் பற்றவும் விடவும் இடமளியுங்கள். என் முதல் ஓட்டத்தில் ஓர் இழையின் முனைகள் தம்மையே பற்றக்கூடாதென்று தெரியாமல் தடுத்துவிட்டதால், வீண்கண்ணி பூச்சியம் என்று வந்தது. அதை ஒரு வாரம் நம்பினேன். இடைநிலைக் கோப்பை அரைமணிக்கு ஒருமுறை சேமிக்கவும் மறவாதீர்கள். இரண்டு நாள் ஓடிய கணக்கொன்றை மின்வெட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். முடிவில் அழகிய படத்தைப் பார்க்காமல், மிகப் பெரிய கொத்து பெட்டியின் மூன்று திசைகளிலும் மறுபக்கம் வரை எட்டுகிறதா என்று பாருங்கள்.

இதன் பிறகுதான் அமினோ அமில வரிசை. சுருள் பகுதியில் ஏழு இடங்கள், ஏ முதல் ஜி வரை, திரும்பத் திரும்ப வருகின்றன. நமது 35இல் ஐந்து சுற்றுகள். ஜிசிஎன்4 என்னும் மதுவப் புரதத்தை வைத்து 1993இல் ஹார்பரியும் உடன் ஆய்வாளர்களும் காட்டியபடி, ஏ இடத்தில் ஐசோலியூசினும் டி இடத்தில் லியூசினும் இருந்தால் இரண்டு சுருள்கள் கூடும்; இவ்விரண்டையும் இடம் மாற்றினால் நான்கு கூடும். ஈ, ஜி இடங்களில் ஒன்றுக்கொன்று எதிரான மின்னேற்றங்களை வைக்க வேண்டும். புரதங்களை வடிவமைக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களான ஆர்எஃப்டிஃபியூஷனும் புரோட்டீன்எம்பிஎன்என்னும் புத்தம்புதிய முனைகளைத் தரும். முதல் சுற்றில் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது, ஏனெனில் ஜெல் உருவாகாதபோது பிழை முனையிலா வலையிலா என்று பிரித்தறிய முடியாது.

முனையின் வரிசையை மட்டும், புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் கோலாப்ஃபோல்டில் மூன்று, நான்கு, ஐந்து பிரதிகளாகக் கொடுத்து, எதில் சுருள்களுக்கிடையிலான நம்பிக்கை மதிப்பெண் உயர்கிறதென்று ஒப்பிடுங்கள். நடு இழையையும் சேர்த்தால் அங்கே மதிப்பெண் வீழும். ஒழுங்கற்றிருக்க வேண்டிய பகுதி அது என்பதால் அது குறையன்று. பிரிகை மாறிலியை மட்டும் அந்த மென்பொருளிடம் கேட்காதீர்கள்.

இப்புரதத்துக்கான மரபணுவைத் தயாரிக்கக் கொடுக்கும் முன், கந்தகமுள்ள அமினோ அமிலமான சிஸ்டீன் எதுவும் இல்லையென்று உறுதிசெய்யுங்கள். கந்தகப் பிணைப்பு விழுந்தால் அவிழும் முடிச்சு நிலையான முடிச்சாகிவிடும். திரும்பத் திரும்ப வரும் இழைக்குக் கோடன்களை (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து டிஎன்ஏ குறிகளை) மாற்றி மாற்றி எழுதுங்கள், இல்லாவிட்டால் டிஎன்ஏவைத் தொகுப்பதே கடினமாகும்.

போத்தலைக் கவிழ்த்து ஜெல் விழவில்லை என்று மகிழ்வதோடு நில்லாமல், மீள்மையையும் பிசுக்குமையையும் அளக்கும் ரியோமீற்றரில் அளவிடுங்கள். மீள்மை வளைகோடும் பிசுக்குமை வளைகோடும் வெட்டும் கோண அதிர்வெண்ணின் தலைகீழ், முடிச்சின் ஆயுளுக்கு அண்ணளவாகச் சமம். வெப்பத்தில் அந்த ஆயுள் குறையும் என்பதால், சித்திரை வெயிலில் 34 பாகையைத் தொடும் அறை வெப்பநிலையை நம்பாமல், 25இலும் 37இலும் கட்டுப்படுத்தி அளவிடுங்கள். ஆயுள் சரியாக வந்து விறைப்பு குறைந்தால் வீண்கண்ணியைச் சந்தேகித்து நடு இழைக்குத் திரும்புங்கள். விறைப்பு சரியாக வந்து குழி மூடத் தாமதித்தால் முனையில் ஒரு சுற்றை, அதாவது ஏழு அமினோ அமிலங்களை, வெட்டிவிட்டு மீண்டும் ஓட்டுங்கள்.