ஆண்ட்ராய்டில் எழுதிய பணிப்பட்டியல் செயலியை ஐபோனுக்குக் கொண்டுசெல்லும் முறை

ஆண்ட்ராய்டு செயலிகளை எழுதப் பயன்படும் கோட்லின் மொழியைக் கற்றுக்கொள்பவர்களில் பலர் முதலில் உருவாக்குவது ஒரு பணிப்பட்டியல் செயலிதான். செய்யவேண்டிய வேலையை அதில் எழுதிவைக்கிறோம், நேரம் குறிக்கிறோம், உரிய நேரத்தில் அது நினைவூட்டுகிறது. நண்பர்கள் நாலு பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கியதும், ஐபோன் வைத்திருப்பவர் ஒருவர் தனக்கும் அது வேண்டும் என்று கேட்பார். அந்த நிலையில் இருக்கும் செயலி உருவாக்குநருக்காக, ஐபோன் செயலிகளுக்கான ஸ்விஃப்ட் மொழியின் அடிப்படை தெரிந்தால் போதும் என்ற எண்ணத்தில், இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

படி 1: தேவையானவற்றைத் திரட்டுதல்

ஐபோன் செயலிகளை உருவாக்கும் எக்ஸ்கோட் மென்பொருள் மேக் கணினியில் மட்டுமே இயங்கும். கட்டணமில்லாத ஆப்பிள் கணக்கைக் கொண்டே உங்கள் சொந்த ஐபோனில் செயலியை நிறுவிப் பார்க்கலாம். ஆனால் அது ஏழு நாட்களில் காலாவதியாகிவிடும், மறுபடியும் நிறுவவேண்டும். ஆப் ஸ்டோரில் வெளியிடவேண்டுமானால் ஆண்டுக்கு 99 டாலர் செலுத்தி உருவாக்குநர் திட்டத்தில் சேரவேண்டும். கூகுள் பிளேயில் ஒருமுறை மட்டும் 25 டாலர் கட்டிப் பழகியவர்கள், இது ஆண்டுதோறும் வரும் செலவு என்பதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது. எனவே கட்டணமில்லாத கணக்கிலேயே வேலையைத் தொடங்கி, செயலி ஓரளவு உருப்பெற்ற பிறகு பணம் கட்டுங்கள்.

படி 2: செயலி என்ன உறுதி தருகிறது என்று எழுதிவைத்தல்

பழைய செயலியின் திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து அப்படியே வரையத் தொடங்குவதுதான் புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு. திரைகளுக்கு முன்பாக, பயனருக்கு அந்தச் செயலி தரும் உறுதிகளை ஒரு தாளில் எழுதுங்கள். "குறித்த நேரத்தில் நினைவூட்டும்", "முடித்த வேலைக்கு மீண்டும் நினைவூட்டாது", "போனை அணைத்துப் போட்டாலும் பட்டியல் அழியாது" என்பவை அத்தகைய உறுதிகள். பொத்தானின் நிறமும் பட்டியலின் அசைவும் மாறினால் ஒருவரும் வருந்தமாட்டார்; காலை 6 மணி மாத்திரைக்கான நினைவூட்டல் ஒருநாள் வராமல் போனால், செயலியின் மீதிருந்த நம்பிக்கை அன்றோடு போய்விடும். இனி வரும் ஒவ்வொரு படியிலும் அந்தத் தாளை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: எந்த வழி என்று முடிவுசெய்தல்

மூன்று வழிகள் உள்ளன. ஸ்விஃப்டிலும், திரைகளை அமைக்க உதவும் ஆப்பிளின் ஸ்விஃப்ட்யூஐயிலும் புதிதாக எழுதலாம். கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் மூலம் உள்தர்க்கத்தை இரண்டு தளங்களுக்கும் பொதுவாக வைத்துத் திரைகளை மட்டும் தனியே எழுதலாம். அல்லது ஒரே நிரலில் இரண்டு தளங்களுக்கும் செயலி எழுத உதவும் ஃபிளட்டருக்கு முழுவதும் மாறலாம். கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் 2023 நவம்பரில் நிலையான வடிவத்தை எட்டியது, பெரிய செயலிகளுக்கு அது மிகவும் பொருத்தமானது. ஆனால் ஐந்தாறு திரைகள் கொண்ட முதல் செயலியை ஸ்விஃப்டில் நேரடியாக எழுதுவதையே நான் பரிந்துரைப்பேன். புதிய தளம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அதன் சொந்த மொழியில் கற்றுக்கொண்டவருக்குப் பின்னால் வரும் சிக்கல்கள் எளிதில் விளங்கும்.

படி 4: தரவைக் கொண்டுசெல்லுதல்

பழைய செயலியிலிருந்து பட்டியலை ஒரு ஜேசன் (JSON, தரவை எளிய உரையாக எழுதும் வடிவம்) கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதியையும், புதிய செயலியில் அதை இறக்குமதி செய்யும் வசதியையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். போனை மாற்றும் பயனருக்கு அது உதவும். சோதனைக்கு உண்மையான தரவும் கிடைக்கும். இந்தக் கட்டத்தில் மூன்று இடங்களில் கவனம் தேவை.

முதலாவது நேரம். கோட்லினில் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் மில்லிநொடிகளில் எண்ணிச் சேமித்திருப்பீர்கள். ஸ்விஃப்டின் நேர வகையோ நொடிகளில் கணக்கிடுகிறது. அதன் உள் தொடக்கப்புள்ளி 2001 ஜனவரி 1. ஜேசன் கோப்பைப் படிக்கும்போது எதையும் குறிப்பிடாமல் விட்டால், ஸ்விஃப்ட் இந்த 2001 கணக்கையே எடுத்துக்கொள்ளும். ஆயிரத்தால் வகுக்க மறந்தால் ஐம்பதாயிரத்தைத் தாண்டிய ஓர் ஆண்டு திரையில் தோன்றும், பிழை உடனே தெரிந்துவிடும். தொடக்கப்புள்ளியில் தவறினால் நேரம் 31 ஆண்டுகள் தள்ளிப்போகும். நாளும் மாதமும் பெரும்பாலும் சரியாக இருப்பதால், ஆண்டைக் காட்டாத திரையில் அந்தப் பிழை கண்ணில் படாமலே போகலாம்.

இரண்டாவது கிழமை. கோட்லினில் பயன்படுத்தும் ஜாவாவின் புதிய நேர நூலகத்தில் திங்கள் 1. ஸ்விஃப்டின் நாட்காட்டியில் ஞாயிறு 1. எண்ணை அப்படியே எடுத்துவந்தால் வாராந்திர வேலைகள் அனைத்தும் ஒருநாள் முன்னதாக நினைவூட்டப்படும்.

மூன்றாவது எழுத்துகளின் எண்ணிக்கை. தமிழில் எழுதும் பயனர்களுக்கு இது முக்கியமானது. "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைக் கோட்லினில் கேட்டால் 5 என்று சொல்லும், ஏனெனில் உயிர்மெய்க்குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. ஸ்விஃப்ட் நம்மைப் போலவே த, மி, ழ் என்று 3 எண்ணும். வேலையின் பெயருக்கு 40 எழுத்து என்று வரம்பு வைத்திருந்தால், ஒரே பெயரை ஒரு தளம் ஏற்கும், மற்றொன்று மறுக்கும். இரண்டிலும் ஸ்விஃப்டின் வழியில் எண்ணுமாறு மாற்றுவதே தமிழுக்கு நியாயமானது.

படி 5: நினைவூட்டல்களை அமைத்தல்

இதுதான் முழு வேலையின் மையம். மற்ற எல்லாப் படிகளுக்கும் சேர்த்து ஒதுக்கும் நேரத்தை இதற்கு மட்டும் ஒதுக்கினாலும் தகும்.

முதலில் அனுமதி. ஐபோனில் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்கும் பெட்டி ஒருமுறைதான் தோன்றும். பயனர் மறுத்துவிட்டால், அவராகவே அமைப்புகளுக்குள் சென்று மாற்றவேண்டும். எனவே செயலியைத் திறந்தவுடன் கேட்காதீர்கள். பயனர் முதன்முதலாக ஒரு வேலைக்கு நேரம் குறிக்கும் தருணத்தில் கேட்டால், எதற்காகக் கேட்கிறோம் என்பது அவருக்கே விளங்கும்.

அடுத்தது, ஆண்ட்ராய்டிலிருந்து வருபவர்களை மிகவும் தடுமாறவைக்கும் வரம்பு. ஐபோனில் ஒரு செயலி 64 உள்ளக அறிவிப்புகளை (இணையம் வழியாக அன்றி, போனிலேயே பதிவுசெய்யப்படுபவை) மட்டுமே காத்திருப்பில் வைக்கமுடியும். அதற்குமேல் பதிவுசெய்தால், விரைவில் வரவேண்டிய 64 மட்டும் நிற்கும். மற்றவை எந்தப் பிழைச்செய்தியும் இன்றி விடுபட்டுப்போகும். சோதனைக்காக ஐந்து வேலைகளைப் பதிவுசெய்து பார்ப்பவருக்கு இது ஒருபோதும் தெரியவராது. இதற்கான தீர்வு வருமாறு: எல்லா நினைவூட்டல்களையும் தரவுத்தளத்தில் வைத்துக்கொண்டு, நேர வரிசைப்படி முதல் 60 ஐ மட்டும் பதிவுசெய்யுங்கள், செயலி திறக்கப்படும்போதும், ஒரு வேலை சேர்க்கப்படும்போதும் முடிக்கப்படும்போதும் பழைய பதிவுகளை நீக்கிவிட்டு மீண்டும் அடுத்த 60 ஐப் பதிவுசெய்யுங்கள். பின்னணியில் புதுப்பிக்கும் வசதியும் உண்டு, ஆனால் அது எப்போது இயங்கும் என்பதைத் தளமே தீர்மானிப்பதால் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. மீதமுள்ள இடங்களில் ஒன்றை, அறுபதாவது நினைவூட்டலுக்குப் பிறகு "தொடர்ந்து நினைவூட்டச் செயலியைத் திறக்கவும்" என்று சொல்லும் அறிவிப்புக்கு ஒதுக்குங்கள்.

தினமும் மீண்டும் வரும் வேலைக்கு, மீள்வரும் அறிவிப்பு ஒன்றைப் பதிவுசெய்தால் அது ஒரே இடத்தைத்தான் பிடிக்கும் என்பதால், அந்த வழி எளிதாகத் தோன்றும். ஆனால் காலை 6 மணிக்கான வேலையைப் பயனர் 5 மணிக்கே முடித்துவிட்டாலும் அது 6 மணிக்கு ஒலிக்கும். அன்று ஒருநாள் மட்டும் நிறுத்திவைக்க அதில் வழியில்லை. படி 2 இல் எழுதிய இரண்டாவது உறுதி இங்கே முறிந்துவிடும். ஆகவே வரும் சில நாட்களுக்கான அறிவிப்புகளைத் தனித்தனியாகப் பதிவுசெய்து, முடித்த நாளுக்குரியதை மட்டும் நீக்குங்கள்.

நேர மண்டலத்தையும் தீர்மானிக்கவேண்டும். மாத்திரை சாப்பிடுவது சென்னையில் 6 மணி என்றால், துபாய் சென்றாலும் அங்குள்ள 6 மணிக்கே நினைவூட்டவேண்டும். அதற்கு நேர மண்டலத்தைக் குறிப்பிடாமல் பதிவுசெய்யுங்கள். சென்னை அலுவலகத்துடன் 11 மணிக்குப் பேசவேண்டிய வேலைக்கோ மண்டலத்தைக் கட்டாயம் குறிப்பிடவேண்டும், ஏனெனில் துபாயில் அப்போது மணி 9.30.

ஒரு சுமை இங்கே குறைகிறது. ஆண்ட்ராய்டில் போனை அணைத்துப் போட்டால் அலாரங்கள் அழிந்துவிடும் என்பதால், அவற்றை மீண்டும் பதிவுசெய்யத் தனி நிரல் எழுதியிருப்பீர்கள். ஐபோனில் பதிவுகள் நிலைத்திருக்கும். அந்தப் பகுதி தேவையில்லை.

படி 6: திரைகள்

ஐபோனில் பின்செல்லும் பொத்தான் தளத்தில் இல்லை. திரையின் இடது ஓரத்திலிருந்து விரலை இழுத்துத் திரும்புவார்கள். ஸ்விஃப்ட்யூஐயின் இயல்பான வழிசெலுத்தலைப் பயன்படுத்தினால் இது தானாகவே கிடைக்கும். தொடும் இடங்கள் 44 புள்ளிக்கு (ஐபோன் திரையின் அளவலகு) குறையாமல் இருக்கட்டும். எழுத்தளவைப் பெரிதாக்கி, தமிழ்ச் சொற்கள் வெட்டுப்படுகின்றனவா என்று பாருங்கள்.

படி 7: சோதனையும் சமர்ப்பிப்பும்

ஆப்பிளின் சோதனை வசதியான டெஸ்ட்ஃபிளைட் மூலம் சோதனையாளர்களுக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு பதிப்பும் 90 நாட்கள் செல்லும். அவர்களில் ஒருவரையாவது நூறு வேலைகளைப் பதிவுசெய்து, மூன்று நாட்கள் செயலியைத் திறக்காமல் இருக்கச் சொல்லுங்கள். சமர்ப்பிக்கும்போது விளக்கத்திலோ படங்களிலோ ஆண்ட்ராய்டின் பெயர் இருந்தால் நிராகரிக்கப்படலாம். பழைய விளக்கத்தை நகலெடுப்பவர்கள் இதைக் கவனிக்கவும். பயனர் கணக்கு உருவாக்கும் வசதி இருந்தால், 2022 ஜூன் 30 முதல் செயலிக்குள்ளேயே அந்தக் கணக்கை நீக்கும் வசதியும் கட்டாயம். கணக்கு இல்லாமலே இயங்கும் செயலி என்றால் ஆப்பிளின் பரிசீலனையாளர்களுக்கான குறிப்பில் அதை ஒரு வரியில் எழுதி, நினைவூட்டலை எப்படிச் சோதிக்கலாம் என்பதையும் அங்கேயே தெரிவித்துவிடுங்கள்.