63 யூரோவில் ஜெர்மனி முழுக்க: டாய்ச்லாண்ட் டிக்கெட்டை வாங்குவதும் நிறுத்துவதும்

ஜெர்மனி முழுக்க உள்ளூர், வட்டாரப் போக்குவரத்தில் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட்டை வாங்கப் பத்து நிமிடம் போதும். அதைச் சரியான மாதத்தில் தொடங்கி, சரியான தேதிக்குள் நிறுத்துவதில்தான் கவனம் வேண்டும். இது ஒரு முறை வாங்கும் டிக்கெட் இல்லை, மாதாமாதம் ஓடும் சந்தா. ஜெர்மானியர்கள் ‘அபோ’ என்பார்கள். நீங்களாக நிறுத்தும்வரை பணம் போய்க்கொண்டே இருக்கும்.

2022 கோடையில் மூன்று மாதம் மட்டும் இருந்த 9 யூரோ டிக்கெட்டின் வாரிசு இது. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கி, 2025 ஜனவரியில் 58 ஆனது. 2026 ஜனவரியிலிருந்து 63. எந்த ஊரில், எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் இதே விலைதான். நகரப் பேருந்து, டிராம், ஊ-பான் எனும் சுரங்க ரயில், எஸ்-பான் எனும் புறநகர் ரயில், ஆர்பி, ஆர்இ எனும் வட்டார ரயில்களின் இரண்டாம் வகுப்பு எல்லாவற்றிலும் செல்லும். ஐசிஇ, ஐசி, இசி எனும் நெடுந்தூர ரயில்களிலும், ஃபிளிக்ஸ்பஸ், ஃபிளிக்ஸ்டிரெயின் எனும் தனியார் பேருந்து, ரயில்களிலும் செல்லாது. விதிவிலக்காக ஓரிரு ஐசி தடங்கள் உண்டு. புதிதாக வந்தவர்கள் அதை நம்பி ஏற வேண்டாம்.

படி 1: உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறதா?

மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பல்கலைக்கழகத்துக்குக் கட்டும் செமஸ்டர் கட்டண விவரம். பல பல்கலைக்கழகங்களில் டாய்ச்லாண்ட் செமஸ்டர் டிக்கெட் அதற்குள்ளேயே வந்துவிடும். அதன் விலை சாதாரண டிக்கெட்டில் 60 சதவீதம். சில இடங்களில் அந்த வட்டாரத்துக்கு மட்டுமான டிக்கெட் தருவார்கள், சில இடங்களில் எதுவும் தர மாட்டார்கள். சேர்க்கைக் கடிதத்தோடு வரும் விளக்கத்தில் இது இருக்கும்.

வேலைக்கு வருபவர்கள் மனிதவளத் துறையிடம் ‘ஜாப் டிக்கெட்’ உண்டா என்று கேளுங்கள். நிறுவனம் விலையில் குறைந்தது 25 சதவீதம் ஏற்றுக்கொண்டால், மேலும் 5 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். உங்கள் கையிலிருந்து போவது அதிகபட்சம் 44 யூரோ 10 சென்ட். கேட்காமல் விட்டால் மாதம் 19 யூரோ நஷ்டம்.

படி 2: எங்கே வாங்குவது?

என் பரிந்துரை, உங்கள் ஊர்ப் போக்குவரத்து நிறுவனம். விலை ஒன்றே என்பதால், சிக்கல் வந்தால் நேரில் போய்ப் பேச ஒரு கவுன்டர் இருப்பதே பெரிய லாபம். ஜெர்மன் ரயில்வேயின் டிபி நாவிகேட்டர் செயலி ரயில் தேடுவதற்கு அருமையானது. டிக்கெட்டையும் அதிலேயே வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

செல்பேசியில் டிக்கெட், அல்லது சிப் அட்டை என இரண்டு வடிவம் உண்டு. நான் அட்டையின் பக்கம். செல்பேசியில் சார்ஜ் தீர்ந்து டிக்கெட்டைக் காட்ட முடியாமல் போனால், பரிசோதகரைப் பொறுத்தவரை உங்களிடம் டிக்கெட் இல்லை. அபராதம் 60 யூரோ. ஸ்கிரீன்ஷாட்டும் ஏற்கப்படாது. ஆனால் அட்டை தபாலில் வரச் சில நாட்கள் ஆகும், வீட்டு முகவரியும் வேண்டும். அதுவரை செயலிதான் வழி.

பணம் பெரும்பாலும் லாஸ்ட்ஷ்ரிஃப்ட் முறையில், அதாவது உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து அவர்களே எடுத்துக்கொள்ளும் முறையில் போகும். மாணவர்கள் விசாவுக்காகப் பணம் கட்டிவைக்கும் முடக்கப்பட்ட கணக்கிலிருந்து எடுக்க முடியாது. அங்கிருந்து மாதப் பணம் வந்து விழும் நடப்புக் கணக்கின் ஐபான் எண்ணை, அதாவது சர்வதேச வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுங்கள். அதில் பணம் இல்லாமல் லாஸ்ட்ஷ்ரிஃப்ட் திரும்பினால் தண்டக் கட்டணமும் வரும், டிக்கெட்டும் முடங்கலாம். ஜெர்மன் வங்கிக் கணக்கு இன்னும் திறக்காதவர்கள் கிரெடிட் கார்டோ பேபாலோ ஏற்கும் நிறுவனத்தைத் தேடுங்கள். சில இருக்கின்றன.

படி 3: பெயர்

என்னை அதிக நேரம் பிடித்து நிறுத்திய படி இதுதான். ஜெர்மன் விளக்கங்கள் எதிலும் இதற்கு விடை கிடைக்காது, ஏனென்றால் அவர்களுக்கு இது ஒரு கேள்வியே இல்லை.

டிக்கெட் உங்கள் பெயரில் இருக்கும், வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது. பரிசோதகர் கேட்டால் புகைப்பட அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். விண்ணப்பத்தில் ஃபோர்நாமே (சொந்தப் பெயர்), நாக்நாமே (குடும்பப் பெயர்) என்று இரண்டு கட்டங்கள், இரண்டும் கட்டாயம். நமக்கோ குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது. பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும், சொந்தப் பெயரும் அப்பா பெயரும் ஒரே வரியில் சேர்ந்து நிற்கும்.

அப்படிப்பட்டவர்கள் அந்த வரியையே இரண்டாகப் பிரியுங்கள். ‘முத்துக்குமார் செல்வராஜ்’ என்றிருந்தால் முத்துக்குமார் ஃபோர்நாமே, செல்வராஜ் நாக்நாமே. சேர்த்துப் படித்தால் பாஸ்போர்ட்டில் உள்ளதே வர வேண்டும் என்பதுதான் கணக்கு. ஊரில் எழுதுவதுபோல் அப்பா பெயரை இனிஷியலாகச் சுருக்காதீர்கள். வதிவிட அட்டை கைக்கு வந்துவிட்டால் அதில் பெயர் எப்படிப் பிரிந்திருக்கிறதோ அப்படியே எழுதுங்கள், அன்றாடம் காட்டப்போவது அதைத்தான். பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல் மட்டும் உள்ளவர்கள் செயலியில் முயல வேண்டாம். நேரே கவுன்டருக்குப் போய், அவர்கள் சொல்கிறபடி பதிந்துகொள்ளுங்கள்.

படி 4: தொடங்கும் தேதியும் 10-ஆம் தேதியும்

டிக்கெட் காலண்டர் மாதக் கணக்கில் ஓடுகிறது. 20-ஆம் தேதி வாங்கினாலும் அந்த மாதம் 30 அல்லது 31-உடன் முடிந்துவிடும். சில நிறுவனங்கள் மீதி நாட்களுக்கு மட்டும் பணம் வாங்கும், சில முழு மாதத்துக்கும் வாங்கும். கட்டும் முன் திரையில் தொகையைப் பாருங்கள்.

நிறுத்துவதற்கான பொது விதி: ஒரு மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்தால் அந்த மாதக் கடைசியோடு முடியும். 11-ஆம் தேதி செய்தால் அடுத்த மாதமும் கட்ட வேண்டும்.

இது மாணவர்களை எப்படிப் பாதிக்கிறது என்று பாருங்கள். பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1-இல் தொடங்கும், செமஸ்டர் டிக்கெட்டும் அன்றிலிருந்துதான். நீங்கள் செப்டம்பர் முதல் வாரம் வந்து இறங்குகிறீர்கள் என்றால், செப்டம்பருக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் வாங்கிவிட்டு 10-ஆம் தேதிக்குள் ரத்தும் செய்துவிடலாம். மாதக் கடைசிவரை டிக்கெட் செல்லும். செப்டம்பர் 15-இல் வருபவர் வாங்கினால் 10-ஆம் தேதி ஏற்கெனவே கடந்துவிட்டது. அக்டோபருக்கும் 63 யூரோ போகும், கையில் செமஸ்டர் டிக்கெட்டும் இருக்கும். அவருக்கு ஊர் நிறுவனத்தின் வாரச் சீட்டே சிக்கனம்.

ரத்து செய்ததும் உறுதி மின்னஞ்சல் வந்ததா என்று பார்த்துச் சேமித்து வையுங்கள். செயலியை நீக்கினால் சந்தா நிற்காது.

படி 5: பயணம்

டிபி நாவிகேட்டரில் டாய்ச்லாண்ட் டிக்கெட் செல்லும் ரயில்களை மட்டும் காட்டச் சொல்லும் வடிகட்டி இருக்கிறது. அதைப் போட்டுத் தேடினால் ஐசிஇ கண்ணிலேயே படாது. மாதம் பிறந்ததும் வீட்டு இணையத்தில் செயலியைத் திறந்து புது மாத டிக்கெட் ஏறிவிட்டதா என்று பாருங்கள்.

நெடுந்தூரத்துக்கு ஒரு எச்சரிக்கை. ஆர்இ ரயில் தாமதமானால் இந்த டிக்கெட்டை வைத்து ஐசிஇ-யில் ஏறிக்கொள்ள உரிமை கிடையாது. ஐசிஇ டிக்கெட்டைத் தனியாக எடுத்து, அது கிளம்பும் நிலையம்வரை இதில் போவதாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே நிறைய நேரம் விடுங்கள். அவை இரண்டு தனி ஒப்பந்தங்கள். இணைப்பைத் தவறவிட்டால் பொறுப்பு உங்களுடையது.

பின்சேர்க்கை

படித்தவர்கள் கேட்டதால் சேர்க்கிறேன். ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு டிக்கெட் வேண்டாம். ஆறு நிரம்பிய பிள்ளையை உங்கள் டிக்கெட்டில் அழைத்துப்போக முடியாது. சைக்கிளுக்குத் தனி டிக்கெட்.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் அவர்களுக்கும் வாங்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். வாங்கலாம், குடியுரிமையோ வதிவிடமோ தடையில்லை. பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், ரத்து செய்யும் தேதியை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு நாள் ஊர் சுற்றத்தான் என்றால் பயர்ன் டிக்கெட் போன்ற மாநில நாள் சீட்டுகளில் ஐந்து பேர்வரை சேர்ந்து போகலாம். அவை வார நாட்களில் பொதுவாகக் காலை 9 மணிக்குப் பிறகே செல்லும். டாய்ச்லாண்ட் டிக்கெட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நிலையம்வரைகூட அதிலேயே போய் வரலாம்.